ஒரு எம்.எல்.லில் எவ்வளவு இருக்கு? – நர்சிங் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் மேடம், வணக்கம் சார்.

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பி.எஸ்சி. நர்சிங் பிள்ளைகளுக்குக் குழந்தைகள் நலச் செவிலியம் நடத்துகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு கல்லூரியை மனதில் வைத்து எழுதவில்லை, நான் படிக்கும் கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதும் இல்லை. மேலூர் பஸ்ஸிலும் திருமங்கலம் பஸ்ஸிலும் என்னோடு வருகிற மற்ற கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன், எல்லா இடத்திலும் கதை ஒன்றுதான். நான் இப்போது கடைசி வருஷம். ஐந்தாவது செமஸ்டரிலும் ஆறாவதிலும் இந்தப் பாடத்தை முடித்தாயிற்று, நல்ல மார்க்தான் வாங்கினேன். மார்க் போன ஆத்திரத்தில் புலம்புகிறாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பீடியாட்ரிக் வார்டில் காலை டூட்டி. நாலு கிலோ குழந்தை, பிறந்து இரண்டு மாதம் இருக்கும். அமிக்காசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி 30 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. கிலோவுக்கு ஏழரை மில்லிகிராம், நாலு கிலோவுக்கு முப்பது, அதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த வார்டில் மூன்று நாளாக இருந்தது 2 எம்.எல்.லில் 100 மில்லிகிராம் இருக்கிற வயல், அதாவது ஊசி மருந்துக் குப்பி. நீங்கள் சொல்லிக்கொடுத்த ஃபார்முலாதான், டி பை எச் இன்டு க்யூ, அதாவது வேண்டிய அளவைக் குப்பியில் இருக்கிற அளவால் வகுத்து, அது எத்தனை எம்.எல்.லில் இருக்கிறதோ அதால் பெருக்கு. 30-ஐ 100-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்கினால் 0.6 எம்.எல். முதல் நாள் நோட்டில் போட்டுப் பார்த்தேன், இரண்டாம் நாள் மனதில் போட்டேன், மூன்றாம் நாள் போடவே இல்லை, நாலாம் நாள் கை தானாக ஒரு எம்.எல். சிரிஞ்சில் 0.6 வரைக்கும் இழுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஸ்டாஃப் சிஸ்டர் ஊசியைப் பார்க்கவில்லை, "வயலக் காட்டு" என்று மட்டும் கையை நீட்டினார். காட்டினேன். 250 மில்லிகிராம் 2 எம்.எல். முந்தின நாள் சாயங்காலம் வந்த ஸ்டாக்கில் மாறியிருக்கிறது. என் சிரிஞ்சில் இருந்தது 75 மில்லிகிராம், எழுதியிருந்ததைப் போல இரண்டரை மடங்கு. கொடுக்க வேண்டியது 0.24 எம்.எல்.

அமிக்காசின் கூடினால் சிறுநீரகத்துக்கும் காதுக்கும் ஆகாது என்பது உங்கள் வகுப்பில் நாங்கள் எழுதி மனப்பாடம் செய்ததுதான். ஒரே ஒரு ஊசி கூடியதால் அந்தப் பிள்ளைக்குக் காது போயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு யாரும் பார்க்காமல் விட்டிருந்தால் ராத்திரியும் அதே 0.6, மறுநாள் காலையிலும் அதே 0.6 என்று என் கையெழுத்தைப் பார்த்தே அடுத்தவர்களும் போட்டிருக்கக்கூடும். பிள்ளையின் கேனுலா போட்ட கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அதன் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வேறு இருந்தார்.

சிஸ்டர் அந்த அம்மா முன்னால் என்னைத் திட்டவில்லை. ஊசியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, மருந்து மேஜைக்கு அழைத்துப்போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதுல ஒரு எம்.எல்.லுல எவ்வளவு இருக்கு?"

மேடம், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடனே பதில் வரவில்லை. ஃபார்முலாவைக் கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பேன். 250-ஐ இரண்டால் வகுத்து 125 என்று சொல்வதற்குள் வேர்த்துவிட்டது. "நமக்கு எவ்வளவு வேணும்?" முப்பது. "அப்ப ஒரு எம்.எல்.லுக்குக் கூடவா கொறையவா?" குறைய. "பாதிக்குக் கூடவா கொறையவா?" பாதி என்றால் அறுபத்திரண்டரை, நமக்கு அதிலும் பாதிக்குக் கீழே, அப்படியென்றால் கால் எம்.எல். பக்கம்தான் வரும் என்று எனக்கே தெரிந்துவிட்டது. கணக்கைப் போடுவதற்கு முன்னாலேயே! அதற்கப்புறம் போட்டால் 0.24 வந்து கச்சிதமாக உட்கார்ந்தது. 0.6 அந்த வயலுக்கு வரவே வராத எண் என்பது அந்த நிமிஷத்தில் கண்ணுக்குத் தெரிந்தது.

இந்தக் கேள்வியைக் கல்லூரியில் யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. இந்த மடலை நான் எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

நமக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? பெரியவர் டோஸிலிருந்து குழந்தை டோஸைக் கண்டுபிடிக்கிற யங் ரூல், கிளார்க் ரூல், ஃப்ரைட் ரூல். வயதை வயதோடு 12 கூட்டினதால் வகுத்துப் பெரியவர் டோஸால் பெருக்கு. எடையைப் பவுண்டில் எடுத்து 150-ஆல் வகு. மாதக் கணக்கில் வயதை 150-ஆல் வகு. தேர்வில் அஞ்சு மார்க், வைவாவில் கட்டாயம் ஒரு கேள்வி, ரெக்கார்டு புக்கில் கட்டம் கட்டிச் சிவப்புப் பேனாவில் ஒரு பக்கம். வார்டில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு டாக்டரோ சிஸ்டரோ யங் ரூல் போட்டு மருந்து கொடுத்து நான் பார்த்ததில்லை. எல்லாமே கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்தான், இல்லையென்றால் புற்றுநோய் மருந்து மாதிரி சிலவற்றுக்கு உடல் பரப்பளவு. பவுண்டில் எடை பார்க்கிற தராசை மதுரை ஜில்லா முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அந்த விதிகள் எப்படித் தப்பாகப் போகும் என்பதையாவது நடத்தியிருக்கலாம், அது பிரயோஜனமான பாடம். நாலு வயசுப் பிள்ளைக்கு யங் ரூல்படி பெரியவர் டோஸில் கால் பங்கு. பாரசிட்டமால் 500 என்றால் 125 மில்லிகிராம். ஒரு நாலு வயசுப் பிள்ளை 11 கிலோ இருக்கிறது, இன்னொன்று 18 கிலோ இருக்கிறது, இரண்டையும் ஒரே பெஞ்சில் நான் பார்த்திருக்கிறேன். முதல் பிள்ளைக்கு அந்த 125 கிலோவுக்குப் பதினொன்றுக்கு மேல் வருகிறது, வழக்கமான 10 முதல் 15-க்குள் இருக்கிறது. இரண்டாவது பிள்ளைக்கு ஏழு கூட வரவில்லை, காய்ச்சல் இறங்காது. ஒரே வயது, ஒரே விதி, ஒரு பிள்ளைக்குப் பலிக்கிறது, இன்னொன்றுக்குப் பலிக்கவில்லை. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டப் பத்து நிமிஷம் போதும். அதை விட்டுவிட்டு விதியை மட்டும் எழுதிப்போட்டுவிட்டு, "இம்பார்ட்டன்ட் கொஸ்டின், ஸ்டார் போட்டுக்கோங்க" என்று போய்விட்டீர்கள்.

சரி, கோபப்படாமல் எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், சம்பந்தம் இருக்கிறது. அப்பாவுக்குத் தெற்காவணி மூல வீதிப் பக்கம் ஒரு பட்டறையில் நகை வேலை. வீட்டில் சின்ன வயதிலிருந்தே "மில்லி" என்ற சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். "ரெண்டு கிராம் முந்நூறு மில்லி", "சேதாரம் நூத்தம்பது மில்லி". பட்டறையில் மில்லி என்றால் மில்லிகிராம். அதே சொல் தெருவில் டாஸ்மாக் வாசலில் போனால் நூத்தியெண்பது மில்லி, அங்கே மில்லிலிட்டர். வார்டுக்கு வந்தால் "அஞ்சு மில்லி குடு" என்கிறார்கள். எந்த மில்லி? சிரப் என்றால் மில்லிலிட்டர் என்று நாமே புரிந்துகொள்கிறோம். ஊசி மருந்து என்றால்? ராத்திரி டூட்டியில் போனில் சொல்லும்போது? முதல் போஸ்டிங்கில் ஒரு சீனியர் "ரெண்டு மில்லி" என்றதை என் பேட்ச்மேட் மில்லிகிராம் என்று எழுதிக்கொண்டு, திரும்பப் படித்துக் காட்டியதால் தப்பித்தாள். இந்தக் குழப்பம் எந்த ஆங்கிலப் பாடப்புத்தகத்திலும் வராது மேடம், இது நம்முடைய பேச்சில் இருக்கிற ஓட்டை. நீங்கள்தான் முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும்: இந்த வாசலுக்குள் வந்துவிட்டால் மொட்டையாக மில்லி என்று சொல்லக்கூடாது, "எம்.ஜி." என்றோ "எம்.எல்." என்றோ முழுசாகச் சொல், கேட்டவள் திரும்பச் சொல்லிக் காட்டு என்று.

பட்டறையில் அப்பா இன்னொன்றும் செய்வார். 0.350 கிராம் என்றால் புள்ளிக்கு முன்னால் பூஜ்யத்தைக் கட்டாயம் போடுவார், போடாத பையனுக்கு அன்றைக்குத் திட்டு உண்டு. புள்ளி அழிந்தால் தங்கம் போச்சு. எங்கள் நோட்டுகளில் .5 என்றும் 5.0 என்றும் எத்தனை இடத்தில் இருக்கிறது தெரியுமா, அதற்கெல்லாம் டிக் போட்டுத்தான் நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். .5-இல் புள்ளி மங்கினால் 5. 5.0-இல் புள்ளி மங்கினால் 50. இரண்டிலும் பத்து மடங்கு. தங்கத்துக்கு இருக்கிற கண்டிப்பு எங்கள் ரெக்கார்டு புக்குக்கு இல்லை என்பதை அப்பாவிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்து, நாங்கள் யார் என்பது. எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். உசிலம்பட்டி, வாடிப்பட்டி, பேரையூர்ப் பக்கம். கணக்கு எங்களுக்கு வராது என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வது எங்கள் காதிலும் விழுகிறது. கணக்கு வரும் மேடம். ஏழாம் வகுப்பிலேயே நேர்விகிதம் எதிர்விகிதம் போட்டுத்தான் வந்திருக்கிறோம், மூன்று பேனா இவ்வளவு என்றால் ஏழு பேனா எவ்வளவு என்று. அமிக்காசின் கணக்கும் அதே பேனாக் கணக்குதான் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. "டிசையர்டு டோஸ்", "ஸ்டாக் ஸ்ட்ரென்த்" என்று வந்ததும் அது என்னவோ புது வித்தை என்று பயந்து, அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் செய்தோம். புரியாததை மனப்பாடம் செய்தால் வரும் சிக்கலே இதுதான்: தப்பு நடக்கும்போது மனசு உறுத்தாது. என் தோழி ஒருத்தி இன்டர்னல் தேர்வில் பச்சைக் குழந்தைக்கு 24 எம்.எல். ஊசி என்று விடை எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போனாள். ஃபார்முலாவைத் தலைகீழாகப் போட்டிருக்கிறாள், அவ்வளவுதான். ஸ்டெப்புக்கு என்று இரண்டு மார்க்கும் கொடுத்திருந்தார்கள். அந்த 24 எம்.எல்.லை ஒரு சிரிஞ்சில் தண்ணீராக இழுத்து அவள் கையில் கொடுத்து, இதை இந்தப் பொம்மைக்குப் போடு பார்க்கலாம் என்று சொல்லியிருந்தால் ஜென்மத்துக்கும் மறந்திருக்க மாட்டாள்.

தேர்ச்சிக்கு 50 மார்க் போதும் என்பது பல்கலைக்கழக விதி, அதை நீங்கள் மாற்ற முடியாது, தெரியும். ஆனால் மருந்துக் கணக்கில் பாதி சரி என்றால் என்ன அர்த்தம்? இரண்டு குழந்தையில் ஒன்றுக்குச் சரியாகக் கொடுப்பேன் என்றா? இங்கிலாந்தில் 2018-இல் அவர்களுடைய நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் கொண்டுவந்த தரவிதிகளின்படி, மாணவர்கள் மருந்துக் கணக்குத் தேர்வில் 100-க்கு 100 எடுத்தால்தான் தேர்ச்சி. வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் எழுதுகிற கணினித் தேர்விலும் கணக்குக்கென்று தனிப் பகுதி உண்டு. நம் ஊரிலிருந்து அங்கே போவதற்காக அக்காமார்கள் விழுந்து விழுந்து அதைப் படிக்கிறார்கள். லண்டன் பிள்ளைக்குப் படிக்கிற கணக்கைக் கொட்டாம்பட்டிப் பிள்ளைக்காக முதல் வருஷமே படித்துவிட்டால் என்ன? பல்கலைக்கழகத்தைக் கேட்க வேண்டியதில்லை. வார்டு போஸ்டிங்குக்கு அனுப்புவதற்கு முந்தின வாரம், பத்துக் கணக்கு, பத்தும் சரியாக வரும்வரைக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம், மார்க் கிடையாது, நோட்டீஸ் போர்டில் பெயர் ஒட்டக் கூடாது. பத்தும் வந்தவளுக்குத்தான் வார்டில் சிரிஞ்சு. இதைச் செய்ய உங்கள் துறைத் தலைவர் ஒருத்தர் மனசு வைத்தால் போதும்.

பத்துக் கணக்கையும் தாளில் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. பாட்டிலில் கொடுங்கள். பாரசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள், கடையில் 5 எம்.எல்.லுக்கு 120 மில்லிகிராம் சிரப் இருக்கிறது, 5 எம்.எல்.லுக்கு 250 இருக்கிறது, ஒரு எம்.எல்.லுக்கே 100 இருக்கிற டிராப்ஸ் இருக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே பெயர், அட்டைப்பெட்டியின் நிறம் கூட ஏறக்குறைய ஒன்று. எட்டு கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்குப் பதினைந்து வைத்து 120 மில்லிகிராம் என்று வையுங்கள். முதல் பாட்டிலில் 5 எம்.எல்., இரண்டாவதில் 2.4 எம்.எல்., டிராப்ஸில் 1.2 எம்.எல். போன தடவை டாக்டர் அஞ்சு எம்.எல். சொன்னார் என்று ஞாபகம் வைத்திருக்கிற ஒரு அம்மா, வீட்டில் இருக்கிற டிராப்ஸில் அஞ்சு எம்.எல். ஊற்றினால் 500 மில்லிகிராம், நாம் போடுகிற ஒரு முழு மாத்திரை, எட்டு கிலோ பிள்ளையின் வயிற்றுக்குள். (இதைப் படிக்கிற அம்மா அப்பாக்கள் யாராவது இருந்தால், இங்கே போட்டிருக்கும் எண்ணை வைத்து வீட்டில் மருந்து கொடுக்க வேண்டாம், இது எங்கள் பாடத்துக்கான கணக்கு.) மூன்று பாட்டிலையும் மேஜையில் வைத்து, லேபிளைப் படிக்கச் சொல்லி, ஒரு எம்.எல்.லில் எவ்வளவு என்று ஒவ்வொருத்தியாகச் சொல்ல வையுங்கள். 24, 50, 100. இந்த மூன்று எண்ணும் வாயில் வந்துவிட்டால் ஃபார்முலா தானாக வந்துவிடும், வராவிட்டாலும் குடி முழுகாது.

பொடி மருந்தும் அப்படித்தான். செஃப்ட்ரியாக்சோன் ஒரு கிராம் வயலில் பத்து எம்.எல். தண்ணீர் ஊற்றினால் பத்து எம்.எல். மருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொடிக்கும் இடம் வேண்டும் இல்லையா, 9.6 எம்.எல். ஊற்றினால்தான் ஒரு எம்.எல்.லுக்கு 100 மில்லிகிராம் என்று கணக்கு நேராக வரும். இதை மருந்தோடு வந்த மடித்த தாளில் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பொடி எழுத்துத் தாளை எடுத்துப் படிக்கிற பழக்கத்தையும் யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு, எல்லா வார்டிலும் அட்டையைக் கிழித்ததும் அது குப்பைக்குத்தான் போகிறது.

எடை பற்றி ஒரு வார்த்தை. கணக்கெல்லாம் சரியாகப் போட்டு, கிலோ தப்பாக இருந்தால் என்ன பண்ணுவது? ஒன்றிலிருந்து ஆறு வயசு வரைக்கும் வயதை இரண்டால் பெருக்கி எட்டைக் கூட்டு என்று ஒரு சூத்திரம் நடத்தினீர்கள். மூன்று வயசுக்கு 14 கிலோ. சரி, தராசே இல்லாத இடத்தில் உதவும். ஆனால் அதை எழுதிவிட்டுத் தராசுப் பக்கமே போகாமல் இருக்க எங்களுக்குப் பழகிவிட்டது. ஒரு வாரமாக வயிற்றுப்போக்கு என்று வந்த மூன்று வயசுப் பிள்ளையை நான் தூக்கி வைத்தபோது முள் பத்தரையில் நின்றது. கேஸ் ஷீட்டில் 14. அப்படியே கணக்குப் போட்டிருந்தால் எல்லா மருந்தும் மூன்றில் ஒரு பங்கு கூடப் போயிருக்கும். ஷீட்டில் யார் அந்த 14-ஐ எழுதினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை, என் பேட்ச் பிள்ளைதான் எழுதியிருப்பாள், நானாகக்கூட இருந்திருக்கலாம். கணக்கு வகுப்பு கரும்பலகையில் ஆரம்பிக்கக் கூடாது, தராசில் ஆரம்பிக்க வேண்டும். ஸ்வெட்டரையும் இடுப்பில் கட்டிய ஈரத் துணியையும் கழற்றிவிட்டு வைக்க வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், தராசை முதலில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாயா என்பதிலிருந்து.

டிரிப் கணக்கை நீங்கள் நன்றாகத்தான் நடத்தினீர்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். சின்னச் சொட்டாக விழுகிற டிரிப் குழாயான மைக்ரோ செட்டில் ஒரு எம்.எல்.லுக்கு 60 சொட்டு, அதனால் மணிக்கு எத்தனை எம்.எல்.லோ நிமிஷத்துக்கு அத்தனை சொட்டு என்று ஒரு மேடம் சொன்னது அப்படியே மனதில் நின்றுவிட்டது, ஏனென்றால் அவர் செட்டைக் கையில் கொண்டுவந்து தொங்கவிட்டு எங்களை எண்ண வைத்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு திரவம் வேண்டும் என்று 1957-இல் ஹாலிடேயும் சேகரும் கொடுத்த கணக்கையும் அவர்தான் சொன்னார், முதல் பத்து கிலோவுக்குக் கிலோவுக்கு 100 எம்.எல்., அடுத்த பத்துக்கு 50, அதற்கு மேல் 20. பதினாலு கிலோ என்றால் ஒரு நாளைக்கு 1200 எம்.எல்., மணிக்கு 50, நிமிஷத்துக்கு 50 சொட்டு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாற்பது பேரும் சத்தமாக எண்ணினோம், பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் நான் மறக்காத ஒரே கணக்கு வகுப்பு அதுதான். அந்த மேடத்துக்குத் தெரிந்த விஷயத்தைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் கேட்கிறேன்.

இன்னொன்று, இது தேர்விலேயே வராது. டிஸ்சார்ஜ் ஆகும்போது அம்மாவுக்குச் சொல்வது. எங்கள் அம்மாச்சி எதற்கெடுத்தாலும் பாலாடை, அதாவது பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சின்னக் கிண்ணக் கணக்குதான், "அரைப் பாலாட குடு, மேல் சுடறது நின்டுரும்". ஒவ்வொரு வீட்டுப் பாலாடையும் ஒவ்வொரு அளவு, ஸ்பூனும் அப்படித்தான், காபிக்குச் சீனி போடுகிற ஸ்பூன் ஒன்று, ரசப்பொடி டப்பாவில் கிடக்கிறது ஒன்று. மூடியில் கோடு இருக்கிறது, இந்தக் கோடு வரைக்கும் என்று நகத்தால் கீறிக் காட்டி, அவர்கள் கையாலேயே ஒரு தடவை ஊற்ற வைத்துப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒரு லிட்டருக்கு உள்ளதா 200 எம்.எல்.லுக்கு உள்ளதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும், பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கலக்கிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம் "ஹெல்த் எஜுகேஷன்" என்று தலைப்புப் போட்டு ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதினால் மார்க் வந்துவிடுகிறது. செக்கானூரணியிலிருந்து வந்த அந்த அம்மாவிடம் நாங்கள் ஆங்கிலத்திலா பேசப்போகிறோம்? வைவாவில் ஒரு கேள்வியைத் தமிழில் கேளுங்கள் சார். "நான்தான் பிள்ளையோட அம்மா, எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு" என்று நீங்களே அந்த அம்மாவாக உட்கார்ந்து கேளுங்கள். நாற்பதில் பாதிப் பேர் திணறுவோம், நானும்தான்.

உங்களுக்கும் கஷ்டம் இருக்கிறது, தெரியாமல் இல்லை. ஒரு டியூட்டருக்கு எத்தனை பிள்ளைகள், வார்டில் எங்களோடு நிற்க நேரம் எங்கே, இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் ஃபைல் எழுதுவதிலேயே ஒரு மாதம். அதோடு, சந்தேகம் கேட்டால் "இதுகூடத் தெரியாமலா மூணாவது வருஷம் வந்த?" என்ற ஒரு வார்த்தை. அது உங்கள் சலிப்பில் வருவது, ஆனால் அன்றைக்குப் பிறகு அந்தப் பிள்ளை யாரிடமும் கேட்க மாட்டாள், பேசாமல் 0.6 இழுப்பாள். அன்று அந்த சிஸ்டர் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த மடலே வந்திருக்காது. அவர் கேட்டது கேள்வி. அதற்கப்புறம் அந்த வார்டில் இருந்த மீதி நாளெல்லாம் என் சிரிஞ்சை யாரும் கேட்காமலே நானே வயலோடு சேர்த்து நீட்டினேன், "ஒரு எம்.எல்.லுல நூத்தியிருபத்தஞ்சு, நமக்கு முப்பது, கால் எம்.எல்.லுக்குக் கொஞ்சம் கொறைய" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. கடைசி நாள் அவர் சிரித்துவிட்டார்.

ஹாஸ்டலில் என் கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. தெருவில் வீடுவீடாகக் கேட்டு வாங்கிக் கழுவி வைத்த சிரப் பாட்டில்களும் டிராப்ஸ் பாட்டில்களும் முப்பத்தொன்று, மூடியோடு. வார்டு வயல்களை எடுத்துவர முடியாது, அவை மருத்துவக் கழிவுக்கான நீலப் பெட்டிக்குப் போக வேண்டியவை, அதனால் அவற்றின் லேபிளை மட்டும் அட்டையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன், அமிக்காசின் 100-ம் 250-ம் பக்கத்தில் பக்கத்தில். அம்மாச்சியிடம் கெஞ்சி வாங்கிய இரண்டு பாலாடையும் உண்டு, ஒன்றில் எவ்வளவு பிடிக்கும் என்று தண்ணீர் ஊற்றி அளந்து அடியில் எழுதியிருக்கிறேன். ஐந்தாவது செமஸ்டர் பிள்ளைகள் வார்டுக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் மேஜை கொடுத்தால் போதும், எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவேன். தராசு மட்டும் நீங்கள் வைத்திருங்கள், அது கனமாக இருக்கிறது.

இப்படிக்கு,
நாலாம் வருஷ மாணவி ஒருத்தி,
மதுரை.